நான்காவது சிலிண்டர்

நான்காவது பிஸ்டன் மறுபடியும் உடைந்திருந்தது.

கோகிலவாணி அதை வெளியே உருவி மேசைமேல் போட்டாள். மேல் ரிங்குக்கும் அதற்கடுத்த ரிங்குக்கும் நடுவில் இருந்த உலோகம் ஒரு விரல் அகலத்துக்குப் பெயர்ந்துபோயிருந்தது. தலைப்பகுதியில் உப்பு அரித்த சுவர் மாதிரி பொடிப்பொடியாகப் பள்ளங்கள். மற்ற மூன்று பிஸ்டன்களிலும் ஒரு கீறல்கூட இல்லை.

அருண்குமார் செல்போனை எடுத்து உடைந்ததைப் படம் பிடித்தான்.

“எதுக்குப் படம்?”

“இருக்கட்டும்க்கா.”

“எதுக்குன்னு கேக்கறன்.”

“மொத தடவ ஒடஞ்சப்ப எடுக்கல. லேத்துக்காரன் தப்புன்னீங்க, நம்பனன். ரெண்டாவது தடவ இன்ஜெக்டர்னீங்க, அதயும் நம்பனன். இப்ப யார சொல்லப் போறீங்க?”

அவள் உடைந்த பிஸ்டனைத் திருப்பிப் பார்த்தாள்.

“பிஸ்டன் மாத்தியாச்சு. ரிங் மாத்தியாச்சு. சிலிண்டர்ல போர் அடிச்ச ஆள மாத்தியாச்சு. இன்ஜெக்டர் எடம் மாத்தியாச்சு. மாறாதது நீங்க மட்டும்தான்க்கா.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். அந்தச் சிரிப்புதான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கையில் இருந்த ஸ்பேனரை மேசைமேல் வைத்தாள். அதைக் கையில் வைத்துக்கொண்டு பேசுவது நல்லதில்லை என்று தோன்றியது.

“சாயங்காலம் வா. காரணத்த சொல்றன்.”

“சாயங்காலம் வண்டி தூக்க லாரியோட வர்றன். காரணம் சொன்னீங்கன்னா கேக்கறன். இல்லன்னா இத குரூப்புல போட்டுட்டு, வண்டிய பெங்களூருக்குக் கொண்டு போயிடறன். இன்னொருத்தன் உங்ககிட்ட ஏமாறக் கூடாதில்ல.”

அவள் ஏமாற்றுகிறாள் என்றே சொல்லிவிட்டுப் போனான். தருமபுரி பக்கம் இண்டூரில் தக்காளி போடுகிற குடும்பத்துப் பையன். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. சம்பாதிப்பதில் பாதியை அந்தப் பழைய ஜப்பான் வண்டிக்குப் போட்டான். இரும்பு பிளாக், டர்போ, நான்கு சிலிண்டர். பந்தயத் தடத்தில் அதை விரட்டுவதுதான் அவனுடைய ஞாயிற்றுக்கிழமை. அவன் சொல்கிற குரூப்பில் பெங்களூர், ஓசூர், கோயம்புத்தூர் என்று வேக வண்டி வைத்திருக்கிறவர்கள் எல்லோரும் இருந்தார்கள். கோகிலவாணிக்கு வருகிற ஒவ்வொரு இன்ஜினும் அந்த வழியாகத்தான் வந்தது.

கொட்டகை காரிமங்கலத்தில் பெரிய ரோட்டை ஒட்டி இருந்தது. முன்பாதி அவள் புருஷன் மாதுவுடையது. வாசலில் ‘மாது ரேடியேட்டர் ஒர்க்ஸ்’ என்று பலகை. லாரி, டிராக்டர், போர்வெல் வண்டி, எல்லா ரேடியேட்டரும் அங்கே வந்தன. பின்பாதி அவளுடையது. அதற்குப் பலகை இல்லை. பலகை தேவைப்படவும் இல்லை. ‘காரிமங்கலத்துல ஒரு அக்கா இன்ஜின் கட்டுது, ஒடையாது’ என்று யாராவது யாரிடமாவது சொல்வார்கள். அந்த ஒரு வார்த்தைதான் அவளுடைய பலகை. அது போனால் பின்பாதியும் போகும். அங்கேயும் லாரி ரேடியேட்டர்களை அடுக்குவார்கள்.

அவள் கிருஷ்ணகிரியில் பாலிடெக்னிக் படித்தவள். ஓசூரில் ஒரு கம்பெனியில் இன்ஜின் சோதனைப் பிரிவில் இருந்தாள். அங்கே மேலதிகாரி அவள் கண்டுபிடித்த கோளாறுகளைத் தன் பெயரில் எழுதிக்கொண்டான். ஒருநாள் அவன் முகத்துக்கு நேரே அதைச் சொல்லிவிட்டு வேலையை விட்டாள். கல்யாணமாகி இந்தக் கொட்டகைக்கு வந்த பிறகும், கார் கொண்டு வருகிறவர்கள் முதலில் மாதுவிடம்தான் பேசுவார்கள். மாது கட்டைவிரலால் பின்பக்கம் காட்டுவான். அவர்கள் பின்னால் வந்து, அவளைப் பார்த்து, “மெக்கானிக் இல்லிங்களா?” என்று கேட்பார்கள். எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் அவளுக்குக் கோபம் வந்தது. பழகிப்போகும் என்று மாது சொன்னான். பழகவில்லை.

முன்பக்கம் ஒரு லாரி வந்து நின்றது. ரேடியேட்டர் ஒழுகல். டிரைவருக்கு அவசரம், சேலம் போய்ச் சேர வேண்டும். மாது தன் கைமருந்தைப் போட்டு, தண்ணீர் ஊற்றி, பத்திரமாகப் போகச் சொல்லி அனுப்பினான். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு டீயோடு பின்னால் வந்தான்.

“என்னாவாம்?”

“நான் ஏமாத்தறனாம்.”

“வுடு வாணி. அவன் வண்டிய மெரிச்சு மெரிச்சு ஓட்டறான். எந்த இன்ஜின் தாங்கும்? ஓட்டறவன் தப்புன்னு சொல்லி முடிச்சுரு.”

“ஓட்டறவன் தப்புன்னா நாலு பிஸ்டனும் போவணும். ஏங்க நாலாவது மட்டும் போவுது?”

“அவன் நேரம்.”

“நேரமா? என் முன்னாடி நேரம் காலம்னு பேசாதீங்க.”

மாது டீயை வைத்துவிட்டுப் போனான். நிற்கவில்லை. வழக்கமாக நின்று உடைந்ததை ஒருமுறை கையில் வாங்கிப் பார்ப்பான். இன்று பார்க்கவில்லை. அதை அவள் கவனித்தாள். தன் கோபத்துக்குப் பயந்து ஓடுகிறான் என்று நினைத்துக்கொண்டாள்.

இன்ஜினின் மேல்மூடியான ஹெட்டை ஒரு மேசையில் வைத்தாள். சிலிண்டர்கள் இருக்கிற பிளாக்கைத் துடைத்தாள். இந்த இன்ஜினோடு சம்பந்தப்பட்ட எல்லாவற்றையும் தரையில் சாக்கு விரித்துப் பரப்பினாள். உட்கார்ந்து யோசித்தாள்.

பிஸ்டன் இப்படி உடைய ஒரே வழிதான் உண்டு. பெட்ரோல் எரிய வேண்டிய நேரத்துக்கு முன்னால் தானாக வெடிக்க வேண்டும். சுத்தியலால் தலையில் அடிப்பது போல அந்த வெடி பிஸ்டனை அடிக்கும். அடி விழுந்துகொண்டே இருந்தால் ரிங்குக்கு நடுவில் உடையும். அப்படித் தானாக வெடிக்க வேண்டுமானால் ஒன்று பெட்ரோல் குறைய வேண்டும், இல்லையென்றால் சூடு கூட வேண்டும்.

பெட்ரோல் குறையவில்லை. சென்ற முறை அவள் ஒரு வேலை செய்திருந்தாள். நான்காவதில் பெட்ரோலைப் பீய்ச்சுகிற இன்ஜெக்டரை முதல் சிலிண்டருக்கு மாற்றி, முதலில் இருந்ததை நான்காவதில் போட்டாள். இன்ஜெக்டர் மோசம் என்றால் இந்தத் தடவை முதல் பிஸ்டன் போயிருக்க வேண்டும். போகவில்லை. போனது நான்காவது.

சூடு கூடவில்லை. அப்படித்தான் வண்டியின் வெப்பமானி சொன்னது. அருண்குமார் ஒவ்வொரு ஓட்டத்தையும் பதிந்து வைத்திருந்தான். எதிலும் முள் நடுக்கோட்டைத் தாண்டவில்லை.

அப்படியென்றால் லேத்துக்காரன். அவளுக்கு மறுபடியும் முருகேஷின் முகம் நினைவுக்கு வந்தது. தருமபுரியில் பஸ் நிலையத்துக்குப் பின்னால் லேத் பட்டறை வைத்திருக்கிறவர். முதல் தடவை பிளாக்கைக் கழுவி, சிலிண்டர்களைக் கடைந்து கொடுத்தவர் அவர். முதல் பிஸ்டன் உடைந்ததும் பிளாக்கைக் கழுவ மறுபடி அவரிடமே அனுப்பினாள். மறுநாள் உடைந்ததைப் பையில் போட்டுக்கொண்டு மாதுவோடு பைக்கில் போய் இறங்கினாள். பட்டறையில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். அவர்களுக்கு நடுவில் வைத்து, “உன் மிசினுக்குக் கண்ணு அவிஞ்சுபோச்சா?” என்று கேட்டாள். அவர் ஏதோ சொல்ல வந்தார். முடிக்க விடவில்லை. மாது பக்கத்தில்தான் நின்றான், வாய் திறக்கவில்லை. அடுத்த கடைசலுக்கு பிளாக்கை ஓசூருக்குக் கொண்டுபோனாள். அங்கே கடைந்த பிறகும் அதே நான்காவதுதான் உடைந்தது. அன்றைக்கே முருகேஷுக்குப் போன் போட்டு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இன்ஜெக்டர் மேல் பழியைத் தூக்கிப் போட்டாள்.

இப்போது போன் போட்டாள்.

“யாரு?”

“கோகிலவாணி.”

“எந்தக் கோகிலவாணி?”

“காரிமங்கலம். தெரியாத மாதிரி கேக்காதீங்க.”

“ஓ. மறுபடி போச்சா?” முருகேஷ் சிரித்தார். நன்றாக, வாய்விட்டு. “ஓசூர் மிசினுக்கும் கண்ணு அவிஞ்சுபோச்சா?”

“ஒண்ணு கேக்கணும்.”

“என்கிட்டயா, மிசின்கிட்டயா?”

அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். “அண்ணா. அன்னிக்கு ஏதோ சொல்ல வந்தீங்க. என்னா அது?”

மறுமுனையில் லேத்தை நிறுத்துகிற சத்தம் கேட்டது.

“அன்னிக்குச் சொன்னது காதுல வுழல, இன்னிக்கு வுழுமா?”

“சொல்லுங்க.”

“ஒடஞ்சப்ப நீ அனுப்பன பிளாக்க காஸ்டிக் சோடாத் தொட்டில போட்டு கொதிக்க வெச்சன். தண்ணி செவப்பா வந்துச்சு. நாலாவது சிலிண்டர் பக்கத்துல இருந்து. ஒங்க பிளாக்குல ஏதோ இருக்குது, பாத்துக்கன்னு சொல்ல வந்தன். தண்ணி செவப்பா வந்துச்சுன்னு வாயெடுத்ததும் நீ என்னா சொன்ன? கூலன்ட் ஊத்தற வண்டில துரு எங்கடா வரும், உன் தொட்டி நாறிக் கெடக்குதுன்ன. டா போட்ட. என் வயசென்ன, உன் வயசென்ன?”

“துருவா அது?”

“துருன்னு நான் சொல்லவே இல்லியே. நீதான் சொன்ன. துரு அடில மண்ணாட்டம் படியும். இது படியல. சாயமாட்டம் கலஞ்சுது.” நிறுத்தினார். “எனக்கு வேல கெடக்குது.”

வைத்துவிட்டார்.

அவள் போனைச் சாக்கின் மேல் வீசினாள். சாயமாம். தொட்டியில் நேற்று யார் எதைப் போட்டுக் கழுவினார்களோ. தன்மேல் பழி வராமல் இருக்க ஏதோ சொல்கிறார் என்றுதான் இப்போதும் தோன்றியது. ஆனால் நான்காவது சிலிண்டர் பக்கத்துல இருந்து என்றாரே. அது ஏன்?

எழுந்து ஹெட் கேஸ்கெட்டைக் கையில் எடுத்தாள். பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவில் உட்காருகிற தகடு. சிலிண்டருக்கான நான்கு பெரிய வட்டங்களைச் சுற்றித் தண்ணீர் ஏறிப்போகச் சின்னச் சின்னத் துளைகள். இன்ஜினைக் குளிர்விக்கிற கூலன்ட் முன்பக்கத்துப் பம்பிலிருந்து கிளம்பி, ஒவ்வொரு சிலிண்டராகக் கடந்து, கடைசியில் நான்காவதுக்கு வரும். அங்கே இருப்பவை எல்லாவற்றிலும் சிறிய துளைகள். தீக்குச்சி நுழைகிற அளவு.

அந்தத் துளைகள் இருந்த இடத்தில் பழுப்பாக ஏதோ அடைத்திருந்தது. கழற்றும்போதே அதைப் பார்த்திருந்தாள். ஓரத்தில் தடவுகிற ஒட்டுப்பசை கருகி வழிந்தது என்று விட்டிருந்தாள். இப்போது சேலை ஊக்கைக் கழற்றிக் குத்தினாள். பசை என்றால் ரப்பராக இழுபட வேண்டும். இது மாவாக உதிர்ந்தது. விரல்களில் ஒட்டிக்கொண்டது. முகர்ந்தாள். கூலன்ட் வாசனைதான் வந்தது.

பசித்தது. சாப்பிட்டுவிட்டுப் பார்க்கலாம் என்று குழாயடிக்குப் போனாள். துணி சோப்பை எடுத்துக் கையில் தேய்த்தாள்.

விரல் நுனிகள் சிவந்தன.

வெட்டிக்கொண்டோம் என்று நினைத்தாள். தண்ணீரை ஊற்றினாள். காயம் எதுவும் இல்லை. நகக்கண்ணில் இருந்த பழுப்பு மட்டும் செக்கச்செவேலென்று மாறியிருந்தது. மறுபடி சோப்பு போட்டாள். மறுபடி சிவந்தது.

பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையில் குழம்புக் கறை பட்டு, அம்மா சோப்பு போட்டதும் கறை ரத்தமாகச் சிவந்ததை அவள் பார்த்திருக்கிறாள். அதைப் பார்க்காத பெண் யாரும் கிடையாது. ஆரத்திக்குக் கரைக்கும்போது சுண்ணாம்பு விழுந்ததும் சிவக்கும். சோடாத் தொட்டியிலும் அப்படித்தான் சிவந்திருக்கும்.

மஞ்சள்.

சோப்பைக் கையில் எடுத்துக்கொண்டே உள்ளே வந்தாள். ஒரு தகர டப்பாவில் சோப்புத் தண்ணீர் கரைத்தாள். பழைய பல் பிரஷ்ஷால் தொட்டு கேஸ்கெட்டின் பின்பக்கத் துளைகளில் தேய்த்தாள். சிவப்பாக வழிந்தது. முன்பக்கத் துளைகளில் தேய்த்தாள். வழியவில்லை. சுவரில் ஆணியில் பழைய கேஸ்கெட்டுகள் தொங்கின. தேய்ந்தது, கிழிந்தது எதையும் அவள் தூக்கி எறிவதில்லை. இதே இன்ஜினில் முன்னால் கழற்றிய இரண்டையும் தேடி எடுத்தாள். அதே இடத்தில் அதே பழுப்பு. தேய்த்தாள். அதே சிவப்பு.

எல்லாவற்றையும் அவள் தன் கையால்தான் கழற்றி, தன் கையால்தான் ஆணியில் மாட்டியிருந்தாள்.

இப்போது புரிந்தது. வெப்பமானி இருப்பது முன்பக்கம், தண்ணீர் நன்றாக ஓடுகிற இடத்தில். அது பொய் சொல்லவில்லை. அது இருந்த இடத்தில் சூடு இல்லை. பின்னால் துளை அடைத்து, தண்ணீர் தேங்கி, நான்காவது சிலிண்டர் மட்டும் தனியாக வெந்துகொண்டிருந்தது. கூலன்டும் மஞ்சள் நிறமாக இருந்ததால் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை.

நிமிர்ந்து முன்பக்கம் பார்த்தாள். மாதுவின் அலமாரியில், ஈய உருண்டைகளுக்குப் பக்கத்தில், பழைய காப்பித்தூள் பாட்டில் இருந்தது. பாதிக்குமேல் மஞ்சள்தூள். லாரிக்காரர்கள் கேட்டால் ஒரு கரண்டி எடுத்து ரேடியேட்டரில் போடுவான். சூட்டில் தூள் ஊறிப் பருத்து ஓட்டையை அடைக்கும். ஊர் போய்ச் சேரும்வரை தாங்கும். இந்தக் கொட்டகைக்கு அவள் வந்த நாளிலிருந்து அந்தப் பாட்டில் அங்கேயே இருக்கிறது.

மாது ஒரு டிராக்டர் ரேடியேட்டரைக் கவிழ்த்துப் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தான். அவள் பாட்டிலை எடுத்து அவன் முன்னால் வைத்தாள். சிவந்த விரல்களை நீட்டினாள்.

அவன் தட்டுவதை நிறுத்தினான்.

“அருணு வண்டில போட்டியா?”

இத்தனை வருஷத்தில் அவள் அவனை ஒருமையில் கூப்பிட்டதில்லை.

“வாணி...”

“போட்டியா இல்லியா?”

“ரெண்டே சொட்டுதான் ஒழுகுச்சு.”

“எங்க ஒழுகுச்சு?”

“ரேடியேட்டர் வெல்டிங் ஓரத்துல. சூடானா மட்டும்.”

அந்த வண்டியின் அலுமினிய ரேடியேட்டரை மாதுதான் செய்திருந்தான். கடையில் கிடைக்காத அளவு. தகடு வெட்டி, வெல்டு வைத்து, பாலிஷ் போட்டு, தூக்கிப் பிடித்துப் போட்டோகூட எடுத்துக்கொண்டான். இன்ஜினில் அவள் எல்லாவற்றையும் அளந்தாள். அதை அளக்கவில்லை. அது அவன் வேலை. அவன் வேலையில் குறை வராது.

“சொல்றதுக்கு என்ன?”

“வண்டி ரெடியாயி நிக்குது. அருணு சாவிய வெச்சுக்கிட்டு வாசல்ல நிக்கறான். உன்கிட்ட சொன்னா கழட்டுன்னுவ. கத்துவ.”

“கத்துவன்! கத்திட்டு ஒட்ட வெச்சிருப்பன்! அதோட போயிருக்கும்!”

“லாரில போடறது தானன்னு...”

“லாரி துளைல என் கட்டவெரலு போவும். இதுல தீக்குச்சி போவாது. நீ ரேடியேட்டர்காரன். உனக்குத் தெரியாது?”

“அப்ப தெரியல.”

“மொத தடவ தெரியல. ரெண்டாவது தடவ?”

“கூலன்ட் மாத்தினதும் திரும்ப ஒழுகுச்சு. திரும்பப் போட்டன். இதனாலதான் ஒடையுதுன்னு நான் நெனைக்கல வாணி. சத்தியமா.”

அவள் அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. கேட்காமல் விட்டுவிடலாம். கேட்டாள்.

“முருகேசண்ணன் தண்ணி செவப்பா வந்துச்சுன்னு சொன்னப்ப நீ பக்கத்துலதான நின்ன?”

மாது சுத்தியலைப் பார்த்தான்.

“சோடா பட்டா மஞ்ச செவக்கும். உனக்குத் தெரியும். உங்க வூட்ல எல்லாருக்கும் தெரியும்.”

“சந்தேகம் வந்துச்சு.”

“எப்ப?”

“பைக்ல திரும்பி வர்றப்ப.”

“திரும்பி வர்றப்ப. அந்த மனுசன அத்தன பேர் முன்னாடி நான் கேட்டது கேட்டு முடிச்ச அப்பறம். சந்தேகம் வந்துச்சு. வந்தும் வாய மூடிக்கிட்டு வண்டி ஓட்டன. ஏன்?”

“அவரயே அப்படிப் பேசன. என்னய என்ன பேசுவன்னு இருந்துச்சு.”

சொல்லிவிட்டான். அவள் பாட்டிலை எடுத்து சுவரில் அடித்தாள். மஞ்சள் பறந்து டிராக்டர் ரேடியேட்டர் மேலும் அவன் தலைமேலும் விழுந்தது. எதிர் டீக்கடையிலிருந்து இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள்.

“என்னா மாது, கல்யாணமா?” என்றான் ஒருவன்.

அவள் திரும்பிப் பார்த்த பார்வையில் அவர்கள் உள்ளே போய்விட்டார்கள்.

அவள் பின்பக்கம் போய் ரேடியேட்டரை வண்டியிலிருந்து கழற்றினாள். கழற்றும்போது அதன் உள்ளேயிருந்து குழம்பு மண்டி மாதிரி ஒன்று அவள் காலில் கொட்டியது. அவள் துடைக்கவில்லை.

சந்தை கலைந்து ஆட்கள் பஸ்ஸுக்கு ஓடுகிற நேரத்தில் அருண்குமார் வந்தான். பின்னால் வண்டி தூக்குகிற லாரி. அதன் டிரைவர் இறங்கி வாசலில் பீடி பற்றவைத்தான்.

“காரணம் கெடச்சுதாக்கா?” என்றான் அருண்குமார். பதில் தெரிந்தவன் கேட்பது போல.

“கெடச்சுது.”

மேசைக்குக் கூட்டிப்போனாள். கேஸ்கெட்டுகளை வரிசையாக வைத்திருந்தாள். சோப்புத் தண்ணீரைத் தொட்டுத் தேய்த்தாள். சிவப்பு வழிந்தது. என்ன, எங்கே, எப்படி என்று சொன்னாள். எதையும் விடவில்லை. மாது முன்பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். தலைமுடியில் இன்னும் மஞ்சள் இருந்தது.

அருண்குமார் முதலில் நம்பவில்லை. தானே பிரஷ்ஷை வாங்கித் தேய்த்துப் பார்த்தான். பிறகு நம்பினான். பிறகு அவனுக்குக் கோபம் வந்தது. அவள் அதை எதிர்பார்த்தாள். வரட்டும் என்று நின்றாள்.

“மஞ்சத்தூளா? அக்கா, நான் வருசம் பூரா... கொழம்பு வெக்கற மஞ்சத்தூளா?”

“ஆமா.”

“என் ஆபீஸ்ல சொன்னா சிரிப்பாங்க.”

“சிரிக்கட்டும்.”

கொஞ்ச நேரம் இப்படியும் அப்படியும் நடந்தான். மாதுவைப் பார்த்தான். குரலைத் தாழ்த்தினான்.

“அக்கா, ஒண்ணு சொல்றன். நீங்க கட்டின இன்ஜின்ல தப்பு இல்ல. அது இப்ப எனக்குத் தெரிஞ்சுபோச்சு. ரேடியேட்டர் வேல மாமாவோடது. குரூப்ல அப்படியே போட்டுடறன். இன்ஜின் கரெக்டு, ரேடியேட்டர்காரன் மஞ்சத்தூள் போட்டுக் கெடுத்துட்டான்னு. உங்க பேரு போவாது.”

அது பொய்யில்லை. மாதுவின் முதுகு அசையாமல் இருந்தது. கேட்டுக்கொண்டிருக்கிறான் என்று தெரிந்தது. சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்லவும் ஆசையாக இருந்தது. அவன் வாயை மூடிக்கொண்டு வந்த அந்த பைக் பயணம் முழுவதற்கும் அந்த ஒரு வார்த்தை சரியாக இருக்கும்.

“போனை எடு,” என்றாள்.

“எதுக்கு?”

“காலைல என் பிஸ்டன படம் புடிச்சல்ல. இப்ப என்னப் புடி.”

அவன் தயங்கிவிட்டு எடுத்தான். அவள் கேஸ்கெட்டைக் கையில் தூக்கிக் காட்டினாள்.

“இது எங்க பட்டறைல நடந்தது. ரேடியேட்டர்ல கசிவு இருந்துச்சு. அத சரி பண்ணாம மஞ்சத்தூள் போட்டாங்க. அது இந்தத் துளைய அடச்சுது. நாலாவது சிலிண்டர் வெந்து பிஸ்டன் ஒடஞ்சுது. இந்தத் தகட்ட ஒவ்வொரு தடவயும் நான்தான் கழட்டனன். அடப்பு என் கையில இருந்துச்சு. நான் பாக்கல. ஊர்ல இருக்கறவன் மேல எல்லாம் கோவப்பட்டுக்கிட்டு இருந்தன். தண்ணி ஓடற வழியும் இன்ஜின்தான். அத பாக்காதவ இன்ஜின் கட்டனன்னு சொல்லக் கூடாது.” நிறுத்தினாள். கேஸ்கெட்டைக் கீழே இறக்கினாள். “தருமபுரி முருகேசண்ணன் பட்டறைல போர் அடிச்சாங்க. அது சுத்தமா இருந்துச்சு. அவர் அன்னிக்கே சொன்னாரு. நான் அவர டா போட்டுப் பேசனன். அது தப்பு. முடிஞ்சுது. நிறுத்து.”

அருண்குமார் நிறுத்தினான்.

“இத போட்டா யாரும் வர மாட்டாங்கக்கா.”

“வந்தா வரட்டும். போடு.”

“மாமாவ ஒரு வார்த்த சொல்லலியே நீங்க.”

“அவருக்காக வுட்டுட்டன்னு நெனைக்காத.” முன்பக்கம் கேட்கும்படி சொன்னாள். “பட்டறை ஒண்ணுதான். முன்பாதி தப்பு, பின்பாதி சரின்னு சொல்லிக்கிட்டு ஒளியறதுக்கு எனக்கு வெக்கமா இருக்குது. அவ்வளவுதான்.”

வாசலில் லாரி டிரைவர் பீடியைக் கீழே போட்டான். “தம்பி, தூக்கலாமா? இருட்டறதுக்குள்ள கிருஷ்ணகிரி தாண்டணும்.”

அருண்குமார் வண்டியைப் பார்த்தான். இன்ஜின் இல்லாத அதன் வாய் திறந்து கிடந்தது. வண்டியைப் பார்த்துக்கொண்டே செல்போனில் விரலை ஓட்டினான். போட்டுவிட்டான் என்று அவன் முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது.

“நீங்க போங்கண்ணா,” என்றான் டிரைவரிடம். பிறகு அவளிடம், “மொதல்ல ரேடியேட்டர் ஒழுகாம இருக்கறத என் கண்ணால பாக்கணும். இன்ஜின யாரு கட்டறதுன்னு அப்பறம் சொல்றன்” என்றான். மன்னித்த குரலில்லை. அவளும் மன்னிப்பு கேட்கவில்லை.

லாரிக்காரன் திட்டிக்கொண்டே போனான். அருண்குமார் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். செல்போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. அவன் எடுத்துப் படிக்கவில்லை. அவளும் யார் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று கேட்கவில்லை.

அவள் ரேடியேட்டரைத் தூக்கிக்கொண்டு முன்பாதிக்குப் போனாள். மாதுவின் மேசைமேல் வைத்தாள்.

“ஓரத்த பூரா அறுத்துட்டு புதுசா வெல்டு வை. என் முன்னாடி.”

மாது கண்ணாடிக் கவசத்தை மாட்டிக்கொண்டான். கை நிதானமாக இருந்தது. வேலை தெரிந்த கை. அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்குக் கோபம் கூடியது. இவ்வளவு தெரிந்த கைக்கு ஒரு கரண்டி மஞ்சள்தூள் எதற்கு?

முடித்துவிட்டுக் கவசத்தைத் தூக்கினான். அவள் ரேடியேட்டரின் வாய்களை ரப்பர் வைத்து அடைத்தாள். காற்றுக் குழாயைச் சொருகினாள். தண்ணீர்த் தொட்டிக்குள் அமுக்கிப் பிடித்தாள். இருவரும் குனிந்து பார்த்தார்கள். அருண்குமாரும் எழுந்து வந்து பின்னால் நின்றான்.

தண்ணீர் அசையாமல் இருந்தது.

பிறகு ஓரத்திலிருந்து ஒரே ஒரு குமிழி கிளம்பி மேலே வந்தது. கடுகு அளவுதான் இருக்கும். மாது அவளைப் பார்த்தான். அருண்குமார் அதைக் கவனித்தானா என்று பார்த்தான். கவனிக்கவில்லை.

மாது நிமிர்ந்தான்.

“ஒழுகுது,” என்றான், சத்தமாக.

அருண்குமார் குனிந்தான். அவள் ரேடியேட்டரை வெளியே எடுத்துத் தண்ணீர் சொட்டச் சொட்ட மாதுவின் மேசைமேல் போட்டாள்.

“மறுபடி வை,” என்றாள்.